மரியாதையில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை

மரியாதை என்றால் என்னவென்று கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் ஒருமுறை பாப்பாரப்பட்டிக்கு வந்து போகலாம். தர்மபுரியில் பஸ் ஏறினால் வெகுதூரம் இல்லை. ஆகஸ்ட் 15 காலையில் வந்தால் விசேஷம்.

எங்கள் தெருவில் ஒரு மிலிட்டரிக்காரர் இருக்கிறார். பெயர் எதற்கு? ஊரிலேயே அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘மிலிட்டரி’ என்றால் தபால்காரர் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். கொடியேற்று விழாவில் அவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி நிச்சயம். கவுன்சிலர், கவுன்சிலரின் வீட்டுக்காரர், காண்ட்ராக்டர், காண்ட்ராக்டரின் மச்சான் எல்லாரும் வந்து சேரும்வரை அது அவருடைய நாற்காலிதான். வந்த பிறகு அவரே எழுந்து பின்னால் போய் நின்றுகொள்வார். ‘எழுந்திரு’ என்று இதுவரை ஒருத்தர் சொன்னதில்லை. அப்படி ஒரு பண்பு எங்களுக்கு.

அப்புறம் பொன்னாடை. போன விழாவில் யாருக்கோ போர்த்தியதை மடிப்புக் கலையாமல் எடுத்து வைத்திருந்து போர்த்துவோம். சிக்கனமும் தேசபக்திதானே. போட்டோ எடுப்போம். வாட்ஸ்ஆப்பில் வரும்போது படத்தின் ஓரத்தில் அவருடைய தோள் மட்டும் தெரியும். தோள்தானே வீரனுக்கு அழகு.

ஒரே ஒரு வருடம் மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். விழாக்குழு செய்த ஒரே பிழை அதுதான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் 1987-ல யாழ்ப்பாணத்துல இருந்தப்ப…” என்று ஆரம்பித்தார். மைக் செட்டுக்காரப் பையனுக்கு என்ன பொது அறிவு பாருங்கள், அந்த இடத்தில் ஒயர் பிடுங்கிக்கொண்டது. மறுபடி சத்தம் வந்தபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மேடையேறி ஆட ஆரம்பித்திருந்தார்கள். அவரும் ஓரமாக நின்று கை தட்டினார்.

அடுத்த வருடமே ஊர் பரிகாரம் தேடிக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் ஆளுயர ஃபிளெக்ஸ். அதில் பனிமலை, பீரங்கி, நடுவில் எங்கள் மிலிட்டரி. கீழே ‘கார்கில் நாயகன்’. கார்கிலில் சண்டை நடந்தது 1999-ல். அவர் அதற்கு முந்தைய வருடமே பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கார்கிலில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் போய் விளக்கம் சொல்லப் பார்த்தார். “இருக்கட்டும் மாமா, கார்கில்னா எல்லாருக்கும் பிடிக்கும்” என்று பையன்கள் சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். ஒருவனுக்குப் பட்டம் தரும் ஊர் உண்டு, பரிசு தரும் ஊர் உண்டு. ஒருவன் போட்ட சண்டையை வாங்கி வைத்துக்கொண்டு அதைவிட நல்ல சண்டையாகப் பார்த்துக் கொடுக்கும் ஊர் எங்களுடையது ஒன்றுதான்.

இதெல்லாம் வருடத்துக்கு ஒருநாள் கூத்து என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மாதந்தோறும் முதல் வாரத்தில் வந்து பாருங்கள். ராணுவ கேன்டீனுக்குப் போய்விட்டு அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பையை வாங்க எத்தனை கைகள் நீளும் தெரியுமா? “வாங்கண்ணா, வெயில்ல வரீங்களே!” அந்தப் பையில் குளியல் சோப்பு, கோதுமை மாவு, அவருடைய சம்சாரத்துக்கு ஒரு டப்பா ஹார்லிக்ஸ் என்று என்னென்னவோ இருக்கும். ஊரின் பாசம் முழுக்க அந்தக் கறுப்பு ரம் பாட்டில்கள் மேலேதான். ‘கோட்டா’ என்று அதற்குப் பெயர். காதுகுத்து, கிரகப்பிரவேசம், கருமாதி எதுவானாலும் முதல் பத்திரிகை அவருக்குத்தான் போகும். அவர் குடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது எங்கள் மரியாதையை இன்னும் இரண்டு மடங்காக்கியிருக்கிறது.

ஊர் அவருடைய யாழ்ப்பாணத்தைப் பிடுங்கிக்கொண்டு கார்கிலைக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இளம் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

1983-க்குப் பிறகு ஈழத்துப் பையன்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது நம் டெல்லிதான். உத்தரப் பிரதேச மலைப்பக்கமும் கொடுத்தார்கள், தமிழ்நாட்டிலும் கொடுக்கவிட்டார்கள். எங்களுக்கு வெகுதூரமில்லாத மேட்டூர் அருகே கொளத்தூர்ப் பக்கத்தில் விடுதலைப் புலிகளின் முகாமே இருந்தது. ஊர் ஊராக உண்டியல் குலுக்கினோம். தமிழ்நாட்டில் சாதி, கட்சி பார்க்காமல் காசு விழுந்த உண்டியல்களில் அதுவும் ஒன்று. பிறகு 1987 ஜூலை 29-ம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் சிங்களக் கடற்படைச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடித்தான். அதைச் சகுனமாக எடுத்துக்கொள்ளும் மூடநம்பிக்கை டெல்லியிடம் இல்லை. இந்திய அமைதிப்படை கப்பலிலும் விமானத்திலும் போய் இறங்கியது. யாழ்ப்பாணத்தில் மாலை போட்டு வரவேற்றார்கள். செப்டம்பர் 26-ல் நல்லூரில் புலிகளின் திலீபன் உண்ணாவிரதமிருந்து இறந்தார். அக்டோபர் 10-ல் சண்டை ஆரம்பமாகிவிட்டது. அதாவது, நாமே பழக்கிய துப்பாக்கிக்கு முன்னால் நம் பிள்ளைகளையே கொண்டுபோய் நிறுத்திக் காட்டினோம். மாலைக்கும் தோட்டாவுக்கும் நடுவே இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. இவ்வளவு வேகமான ராஜதந்திரம் உலக சரித்திரத்தில் அபூர்வம்.

திட்டமிட்ட அழகையும் சொல்ல வேண்டும். அக்டோபர் 11 நள்ளிரவைத் தாண்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் சீக்கியப் படைப்பிரிவு ஒன்றை இறக்கினார்கள். நோக்கம் புலிகளின் தலைமையைப் பிடிப்பது. கீழே புலிகள் தயாராகக் காத்திருந்தார்கள். பின்னால் வர வேண்டிய ஆட்கள் வந்து சேரவில்லை. அந்தப் பிரிவில் இறங்கியவர்கள் 30 பேர். மறுநாள் மிஞ்சியது ஒருவர், அவரும் கைதியாக. வரைபடம்கூட ஒழுங்காக இல்லை என்று அங்கே போனவர்களே எழுதியிருக்கிறார்கள். வரைபடம் கொடுத்து அனுப்பினால் வீரத்துக்கு அங்கே என்ன வேலை?

அப்படியாக 32 மாதம். உச்சத்தில் முக்கால் லட்சத்துக்கும் மேலான படையினர். திரும்பி வராதவர்கள் ஏறத்தாழ 1,200 பேர்.

இனி எங்கள் டீக்கடைக்கு வாருங்கள். அங்கே இரண்டு அண்ணன்கள் உண்டு. ஒருவர் தமிழ்த்தேசிய அண்ணன், இன்னொருவர் தேசபக்த அண்ணன். இரண்டு பேரும் படித்தவர்கள். இரண்டு பேருக்கும் யாழ்ப்பாணம் அத்துப்படி. இரண்டு பேரும் போனதில்லை.

தமிழ்த்தேசிய அண்ணனுக்கு 1987 அக்டோபர் 21 நெஞ்சில் பச்சை குத்தினது மாதிரி. அன்று தீபாவளி. யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் படை புகுந்தது. மருத்துவர்கள், தாதியர், படுக்கையில் கிடந்த நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் இன்னும் ஐம்பதுக்கு மேல். இது நடந்தது. அண்ணன் சொல்வதில் பொய் இல்லை. அமைதிப்படையின் ஆங்கிலச் சுருக்கமான ஐ.பி.கே.எஃப். என்ற நாலு எழுத்துக்கு ‘அப்பாவி மக்களைக் கொல்லும் படை’ என்று யாழ்ப்பாணத்தார் வைத்த விரிவையும் அவர் சொல்லுவார். சொல்லிவிட்டு, அதே டீக்கடை பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருக்கும் மிலிட்டரியை நிமிர்ந்து பார்க்கமாட்டார். அவமதிக்கிறார் என்று அர்த்தமில்லை. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்ற எண்ணமே வராதபடி பேசுவார். அது ஒரு கலை. 22 வயசில் தர்மபுரி மாவட்டத்திலிருந்து போன ஒரு விவசாயி வீட்டுப் பையன், ஜெயவர்த்தனேவுக்கும் ராஜீவுக்கும் சேர்த்துப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று கண்டுபிடித்த பெருமை எங்கள் அண்ணனைச் சேரும். கையெழுத்துப் போட்ட விரல்களைவிட விசையை அழுத்திய விரல் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

தேசபக்த அண்ணனுக்கு நவம்பர் 25. 1987-ல் அன்றுதான் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் செத்தார். பம்பாயில் பிறந்த தமிழர், 8-வது மஹார் பட்டாலியன். ராத்திரி தேடுதலுக்குப் போய்த் திரும்பும்போது பதுங்கியிருந்து சுட்டார்கள். நெஞ்சில் குண்டு வாங்கிய பிறகும், சுட்டவனின் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி அவனைச் சுட்டுவிட்டுத்தான் சாய்ந்தார். பரம்வீர் சக்ரா கிடைத்தது. அந்தச் சண்டைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா. 2023-ல் அந்தமானில் ஒரு தீவுக்கும் அவர் பெயர் வைத்தார்கள். இதிலும் பொய் இல்லை. ஆனால் “அந்த ஆஸ்பத்திரியில…” என்று யாராவது வாயெடுத்தால் தேசபக்த அண்ணனுக்குத் திடீரென்று டீ ஆறிவிடும். “படை மேல சேறு வாரி எறியாத” என்பார். அவருடைய மரியாதை அவ்வளவு கெட்டி. மிலிட்டரியைப் பார்த்தால் எழுந்து நின்று சல்யூட் அடிப்பார். சல்யூட் அடித்த கையை இறக்குவதற்குள் “பாரத் மாதா கீ ஜே” சொல்லி முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எதிராளி வாய் திறக்க ஒரு நொடி இடைவெளி கிடையாது.

ஒருவர் கையில் ஒரு பட்டியல், இன்னொருவர் கையில் வேறொரு பட்டியல். ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் இரண்டு தாளையும் ஒருநாள்கூட ஒட்டிப் பார்க்காத கட்டுப்பாடு இவர்களுக்கு இருக்கிறது. ராணுவத்தில்கூட இப்படி ஒரு கட்டுப்பாட்டைப் பார்த்ததில்லை என்று மிலிட்டரியே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் என்னிடம் சொன்னது இன்னும் ஒன்று உண்டு. ஒருநாள் கரண்ட் போன ராத்திரியில், திண்ணையில், முகம் தெரியாத இருட்டில் சொன்னது. சோதனைச் சாவடியில் அவருக்கு மொழிபெயர்க்கிற வேலை. கூட இருந்தவர்கள் வடக்கத்திக்காரர்கள். “அங்க பொம்பளைங்க எங்கள மண்ணள்ளித் தூத்துவாங்க. புள்ளையக் காணோம்னு அழுவாங்க. சர்தார் என்னைப் பாத்து ‘கியா போல்தி ஹை’ன்னு கேப்பான். ஒண்ணுமில்ல, தண்ணி கேக்குதுன்னு சொல்லிடுவேன். அத்தன பேர்ல எனக்கு ஒருத்தனுக்குத்தான் அது புரிஞ்சிது.” கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “ஒரு கெழவி கேட்டா, நீயும் தமிழ்தானே தம்பின்னு. இல்லேன்னுட்டேன்.”

கரண்ட் வந்துவிட்டது. நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மேற்கொண்டு கேட்காமல் வந்தது அவருக்கு நான் செய்த மரியாதை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரைப் புகழ வந்தவன் என் பங்கை விட்டுவிடக் கூடாதல்லவா?

எங்கள் ஊரை மட்டும் புகழ்ந்தால் ஓரவஞ்சனை ஆகிவிடும். பெரியவர்களும் வழிகாட்டியிருக்கிறார்கள். 1990 மார்ச் 24-ல் கடைசிப் படையினர் திருகோணமலையை விட்டுக் கிளம்பினார்கள். சென்னையில் வந்து இறங்கிய படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. ஈழத்தில் தமிழரைக் கொன்ற படையை எப்படி மாலையோடு எதிர்கொள்வது என்பது அவர் பக்கத்து நியாயம். அந்த நியாயத்தில் நமக்குப் பங்கு இருந்தது, அன்றைக்குத் தமிழ்நாட்டில் பாதிப்பேர் மனசு அப்படித்தான் இருந்தது. போகாததைக் கண்டித்தவர்களுக்கும் குறை வைக்கக் கூடாது. இன்றுவரை கண்டித்துக்கொண்டே இருக்கிறார்கள். முதலமைச்சர் துறைமுகத்துக்குப் போகாதது அவர்களுக்கு ஆறாத புண். அந்தக் கப்பலில் இருந்து இறங்கியவன் அதற்குப் பிறகு எந்த வங்கி வாசலில் எத்தனை மணி நேரம் நின்றான் என்பது அவ்வளவாகப் புண் இல்லை. கண்டிக்கிறவர்களுக்கு அவனைக் கொண்டு அதற்குமேல் காரியமில்லை.

இதிலே கொழும்பு கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. 1989-ல் இலங்கை அதிபர் பிரேமதாசா இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று கெடு வைத்தார். அதோடு நிற்காமல் அமைதிப்படையோடு சண்டை போடப் புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். அதே கொழும்பு 2008-ல் தன் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்திலேயே, பத்தரமுல்லையில், செத்துப்போன இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைப் பொறித்து நினைவுச்சின்னம் எழுப்பிவிட்டது. 2015-லும் 2025-லும் நம் பிரதமர் அங்கே போய் மலர்வளையம் வைத்தார். டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறந்தது 2019-ல். செத்தவனுக்குக் கல் வைப்பதில் அவனை விரட்டியவர்கள் அனுப்பியவர்களை 11 வருடம் முந்திக்கொண்டார்கள். பதறாத காரியம் சிதறாது என்பது நம் வழி.

சினிமாவிலும் இதே நிதானம்தான். 2013-ல் ‘மெட்ராஸ் கஃபே’ என்று ஒரு இந்திப் படம் அந்தக் காலத்தைப் பற்றி வந்தது. நல்ல படமா, கெட்ட படமா, ஒருபக்கமா என்று தமிழ்நாட்டில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. எதிர்ப்பு வலுத்து இங்கே தியேட்டருக்கே வரவில்லை. பார்க்காமலே கருத்துச் சொல்லும் வசதி எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தது.

அமைதிப்படையின் தளபதிகளில் ஒருவரான ஹர்கிரத் சிங் பிற்பாடு புத்தகமே எழுதினார். பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி இந்தியத் தூதர் தீட்சித் தன்னிடம் சொன்னதாகவும், வெள்ளைக்கொடியோடு வருகிறவனைச் சுடமாட்டேன் என்று தான் மறுத்ததாகவும் அதில் சொல்கிறார். எவ்வளவு பெரிய சங்கதி! டீக்கடையில் ஒரு மாதத்துக்கு ஓட வேண்டியது. ஓடவில்லை. ஒரு ராணுவத் தளபதி மறுத்தார் என்பது தமிழ்த்தேசிய அண்ணனுக்கு உதவாது. டெல்லி அப்படிக் கேட்டது என்பது தேசபக்த அண்ணனுக்கு உதவாது. உதவாத பேச்சைப் பேசி நேரத்தை வீணாக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

இத்தனை நாகரிகமும் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். முன்னோரிடமிருந்து வந்திருக்க முடியாது. அவர்கள் இந்த விஷயத்தில் சுத்த நாட்டுப்புறம். தர்மபுரியைச் சுற்றி எந்தக் கொல்லை வரப்பில் பார்த்தாலும் ஒரு நடுகல் சாய்ந்து கிடக்கும். மாடு பிடிக்கிற சண்டையில் செத்தவனுக்கு வைத்தது. மாட்டைத் திருடப்போய்ச் செத்தவனுக்கும் கல் வைத்தார்கள், மீட்கப்போய்ச் செத்தவனுக்கும் வைத்தார்கள். வெட்சி ஒரு திணை, கரந்தை ஒரு திணை என்று இலக்கணமும் எழுதிக்கொண்டார்கள். மாடு யாருடையது என்ற வழக்கு தீர்ந்த பிறகு கல் வைக்கலாம் என்று ஒரு கிழவனுக்குக்கூடத் தோன்றவில்லை. எந்த ஊர் மாடு, யார் அனுப்பினார்கள், எப்படிச் செத்தான் என்று கல்லிலேயே வெட்டியும் வைத்துவிட்டார்கள். மரியாதையும் கல்லில் இருந்தது, நடந்த கதையும் அதே கல்லில் இருந்தது. செங்கம் பக்கம் எடுத்தனூரில் எஜமானன் செத்த இடத்திலே கள்ளரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயையும் கல்லில் செதுக்கிப் பேரும் எழுதியிருக்கிறார்கள். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நாய். பேரோடு இருக்கிறது இன்றுவரை.

அந்தக் கற்களில் பலவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். படையல் போடுகிறோம், கிடா வெட்டுகிறோம். கும்பிட ஆரம்பித்துவிட்டால் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் முன்னோரின் பட்டிக்காட்டுத்தனத்தை நாங்கள் திருத்தி வைத்திருக்கிறோம்.

அமெரிக்காக்காரனும் இதில் நாட்டுப்புறமே. வியட்நாம் சண்டையை வைத்து அவன் நாடே இரண்டாகக் கிழிந்தது. கிழிசல் தைக்கப்படும்வரை காத்திருக்கத் தெரியாமல், 1982-லேயே வாஷிங்டனில் கறுப்புக் கிரானைட்டில் ஒரு சுவர் கட்டிவிட்டான். அதை வடிவமைத்தபோது மாயா லின் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண். போர் சரியென்றும் எழுதவில்லை, தப்பென்றும் எழுதவில்லை. 58,000-க்கு மேற்பட்ட பெயர்கள் மட்டும். எதிர்த்தவனும் வந்து நின்று அழுகிறான், ஆதரித்தவனும் வந்து நின்று அழுகிறான். யாருடைய கண்ணீர் சரியான கண்ணீர் என்று சரிபார்க்க வாசலில் ஓர் ஆள்கூடக் கிடையாது. நம்மூர் அண்ணன்களில் ஒருவரை அனுப்பி வைத்தால் நன்றாயிருக்கும்.

காத்திருப்பதில் எங்கள் பாப்பாரப்பட்டிக்கு ஈடு இல்லை. சுப்பிரமணிய சிவா எங்கள் ஊரில்தான் கடைசி மூச்சை விட்டார், 1925 ஜூலை 23-ல். வ.உ.சி.யோடு 1908-ல் சிறைக்குப் போய்த் தொழுநோயோடு வெளியே வந்தவர். நோயைக் காட்டி வெள்ளைக்காரன் ரயிலில் ஏறக் கூடாதென்றான். புண் ஒழுகும் காலோடு ஊர் ஊராக நடந்தார். இங்கே பாரதபுரம் என்று ஓர் ஆசிரமம் வைத்து, பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். பாரத மாதா நினைவாலயம் திறந்தது 2021-ல். இடையில் 98 வருடம். திறந்த மறுவருடமே பூட்டை உடைத்த தகராறு, வழக்கு, கைது. 98 வருடம் எட்டிப் பார்க்காத பக்தி, கட்டடம் எழுந்ததும் கதவு திறக்கும்வரை பொறுக்க முடியாமல் பூட்டை உடைத்தது. எங்கள் மரியாதை அப்படித்தான். வர நாளாகும், வந்தால் தாங்க முடியாது.

அந்தக் கணக்கில், 1990-ல் திரும்பி வந்தவர்களுக்கு 2088-ல் எங்கள் ஊரில் ஏதாவது ஒன்று எழும். மிலிட்டரி அன்றைக்கு இருந்தால் வயசு 123. முன்வரிசையில் நாற்காலி உண்டு என்று இப்போதே எழுதிக் கொடுக்கத் தயார்.

அதுவரை அவர் இருப்பாரா என்ற கவலையை அரசாங்கம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வருடா வருடம் நவம்பரில், ‘உயிரோடு இருக்கிறீரா?’ என்று அக்கறையாகக் கேட்கிறது. அவர் விரல் ரேகையை வைத்து ‘இருக்கிறேன்’ என்கிறார். உயிர்வாழ் சான்று என்று பெயர். இந்த நாட்டில் அவரைப் பார்த்து அந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்பது பென்ஷன் கம்ப்யூட்டர் ஒன்றுதான். சில வருடம் ரேகை தேய்ந்து இயந்திரம் ‘இல்லை’ என்றுவிடும். அதற்கு மறுபடி தர்மபுரி போய் வர வேண்டும்.

டிசம்பர் 7-ல் கொடிநாள். பிள்ளைகள் சின்னக் காகிதக் கொடியை நெஞ்சில் குத்திவிட்டுக் காசு வாங்குவார்கள். எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி போன வருடம் மிலிட்டரியின் சட்டையிலேயே குத்திவிட்டு, “தாத்தா, ராணுவ வீரர்களுக்கு ஏதாவது குடுங்க” என்று நின்றாள். அவர் பத்து ரூபாய் கொடுத்தார். நான் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

இது அதியமானின் தகடூர் மண். தொண்டைமானின் ஆயுதங்கள் எண்ணெய் பூசி, மயிற்பீலி சூட்டி அரண்மனையில் பளபளவென்று இருக்கின்றன, எங்கள் அதியமானுடைய வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை தூதுபோன இடத்தில் சொல்லிவிட்டு வந்தாள். பளபளப்பைத்தான் அவள் புகழ்ந்தாள் என்று எடுத்துக்கொண்டோம். அன்றிலிருந்து எங்கள் மரியாதைகளை எண்ணெய் பூசி, மாலை போட்டு, ஒருநாளும் பயன்படுத்தாமல் காப்பாற்றி வருகிறோம். முனை முறிந்தவர்கள் வங்கி வாசலில் இருக்கிறார்கள்.

கடைசியாக, வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு மிலிட்டரி இருப்பார். வயசு அறுபதைத் தொட்டிருக்கும், 1987-க்கும் 1990-க்கும் நடுவே எங்கே இருந்தீர்கள் என்றால் கொஞ்சம் யோசிப்பார். அவருக்குப் பொன்னாடை போர்த்துங்கள், சல்யூட் அடியுங்கள், ஃபிளெக்ஸில் பனிமலை போடுங்கள், பிடிக்காவிட்டால் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டு திட்டுங்கள். எதுவும் தப்பில்லை. கோட்டா வாங்கப் போகும் இடத்தில், பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு, ஏதோ பேச்சுக்குப் பேச்சாக “அங்க என்னதாண்ணா நடந்துச்சு?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் சொல்லிவிடுவார்.